2017-இல் விழித்த கணினி

சென்ற மாதம், மதுரையில் நான் நடத்தும் சிறிய டிடிபி கடைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அவருடைய ஊர் வரலாற்று நூலை 2006-இல் நான்தான் பக்கம் அமைத்துக் கொடுத்திருந்தேன். பிரதிகள் தீர்ந்துவிட்டன, இரண்டாம் பதிப்பு போட வேண்டும், புதிதாக எட்டுப் பக்கங்கள் சேர்க்க வேண்டும் என்றார். "அந்தப் பக்கமெல்லாம் இன்னும் இருக்கா தம்பி?" என்று அவர் கேட்டபோது, "இருக்குங்க ஐயா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பக்கங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை இருந்த இடம், கீல் உடைந்து, வட்டு அவ்வப்போது டக்டக்கென்று சத்தமிடும் ஒரு பழைய மடிக்கணினிக்குள் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கணினி.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஏறத்தாழ எல்லாரும் ஒரு காலத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில்தான் வேலை செய்தோம். அதன் 7.0 பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய பழைய எழுத்துருக்களைக் கொண்டே தட்டச்சு செய்தோம். தமிழக அரசு 1999-இல் டேம், டேப் என்று இரண்டு குறியேற்றங்களைத் தரப்படுத்திய பிறகும் கடைக்குக் கடை வேறு வேறு எழுத்துருதான் புழங்கியது. என் கடையில் இருந்த தமிழ் மென்பொருளோ, யுஎஸ்பி துளையில் ஒரு பூட்டைச் செருகினால்தான் திறக்கும். இவையெல்லாம் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பியில். 2014 ஏப்ரல் 8 அன்று அந்த எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. அதே ஆண்டில் என் பழைய மேசைக்கணினியும் ஓய்ந்தது. அப்போது புதிதாக வாங்கிய மடிக்கணினியில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, என்னிடமிருந்த எக்ஸ்பி குறுந்தகட்டைக் கொண்டு எல்லாவற்றையும் மறுபடி அமைத்தேன். அன்று முதல் பழைய வேலைகள் அனைத்தும் அதற்குள்தான் நடந்துவருகின்றன.

இவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்தை மாற்றலாம், அதற்கு மாற்றிகள் இருக்கின்றன. பக்க அமைப்பை அவை மாற்றுவதில்லை. இன்டிசைன் என்ற இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் என்றாலும், வரி முறிவுகள் நகர்ந்து, அடிக்குறிப்புகள் இடம் மாறி, அட்டவணைகள் சிதைந்து வரும். 212 பக்க நூலுக்குப் பொருளடக்கமும் பெயரடைவும் சரியாக இருக்க வேண்டுமானால், அது பிறந்த மென்பொருளிலேயே திறப்பதுதான் நாணயமான வழி என்பது என் கருத்து.

ஆகவே புதிய மேசைக்கணினி ஒன்றை வாங்கினேன். அதில் விண்டோஸ் 11 இருந்தது. மெய்நிகர் கணினி என்பது கடைசியில் ஒரு கோப்புதானே, அதை எடுத்துவந்து வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். இந்த நினைப்பு எனக்கு மூன்று நாள் வேலை வைத்தது.

பழைய மடிக்கணினியில் அந்த மெய்நிகர் கணினியின் கோப்புறையைத் திறந்தபோது கண்ணை நிறைத்தது ஒரே ஒரு பெரிய கோப்பு: விடிஐ என்று முடியும் வட்டுக் கோப்பு, 9 ஜிபி. எக்ஸ்பிக்கு நான் ஒதுக்கியிருந்தது 40 ஜிபி வட்டு. ஆனால் தேவைக்கேற்ப வளரும் வகையாக அமைத்திருந்ததால், உண்மையில் எழுதப்பட்ட அளவுக்குத்தான் கோப்பு பெருத்திருந்தது. அதைப் பென்டிரைவில் ஏற்றப் போனால், இடம் தாராளமாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று மறுத்துவிட்டது. அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அம்முறையில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்புக்கு இடமில்லை. பெரிய கோப்புகளையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறையிலிருந்த வெளி வட்டு ஒன்றை எடுத்து அதில் ஏற்றினேன். வெட்டி ஒட்டாமல் நகலெடுத்து ஒட்டினேன். பழக்கத்தால் செய்த அந்தக் காரியம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்பை நிறுவி, புதிய மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, இருக்கும் வட்டைப் பயன்படுத்து என்று அந்த விடிஐ கோப்பைக் காட்டினேன். இயக்கிய உடனே, செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பில்) அணைக்கப்பட்டிருக்கிறது என்ற பிழைச் செய்தி வந்தது. இன்டெல் செயலிகளில் இதை விடி-எக்ஸ் என்பார்கள். பழைய விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்புகள் 32-பிட் எக்ஸ்பியை இந்த வசதி இல்லாமலேகூட மென்பொருள் வழியாக ஓட்டின. 2019 இறுதியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அந்த வழி நீக்கப்பட்டுவிட்டது. கணினியை மறுபடி தொடங்கி, டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், அதை இயக்கிவிட்டு வந்தேன்.

இம்முறை எக்ஸ்பியின் கறுப்புத் திரையும் சின்னமும் வந்தன. ஓரிரு நொடியில் நீலத் திரை. அதன் அடியில் இருந்த குறியீட்டு எண் பூச்சியங்களின் வரிசைக்குப் பிறகு 7பி என்று முடிந்தது. எக்ஸ்பி காலத்தில் கணினி பழுதுபார்த்தவர்களுக்கு இந்த எண் நன்றாகப் பழக்கம்: தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்று பொருள். கோப்பு கெட்டுவிட்டதோ என்று முதலில் பயந்தேன். உண்மையில் தவறு என்னுடையது. புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இயக்குதளத்தின் வகையைக் கேட்கும் பட்டியலில், கவனமில்லாமல் விண்டோஸ் 7 என்று தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த வகைக்கு விர்ச்சுவல்பாக்ஸ், வட்டைக் கணினியோடு இணைக்கும் புதிய முறையான சாட்டா கட்டுப்படுத்தியைத் தானாகவே அமைக்கும். எக்ஸ்பி பிறந்த காலத்தில் அந்த வகைக் கட்டுப்படுத்திக்கான இயக்கி அதனுடன் வரவில்லை. என் எக்ஸ்பி, பழைய முறையான ஐடிஇ கட்டுப்படுத்தியில் நிறுவப்பட்டது. வீட்டுக்குள் எல்லாப் பொருளும் பத்திரமாக இருந்தும் வாசல் பூட்டை மட்டும் மாற்றிவிட்ட கதை. வகையை எக்ஸ்பி என்று மாற்றி, வட்டை ஐடிஇ கட்டுப்படுத்தியின் கீழ் இணைத்ததும் எக்ஸ்பி எழுந்து வந்தது.

வந்தது என்று நிம்மதி அடைவதற்குள் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, வன்பொருள் பெருமளவு மாறிவிட்டது, மூன்று நாளுக்குள் மறுபடி செயலாக்கம் (உரிமத்தை உறுதிசெய்யும் ஆக்டிவேஷன்) செய்ய வேண்டும் என்ற எக்ஸ்பியின் அறிவிப்பு. இரண்டாவது, திரையின் முகப்பு. அது எனக்குத் தெரிந்த முகப்புதான், ஆனால் இன்றைய முகப்பு அன்று. அதில் இருந்த கடைசிக் கோப்புறை 2017-ஆம் ஆண்டு வைகாசி முகூர்த்தங்களுக்கான திருமண அழைப்பிதழ்கள். அதற்குப் பிறகு நான் செய்த கோயில் மலர்கள், சிற்றிதழ்கள், நினைவஞ்சலி மலர்கள் எதுவுமே இல்லை. அந்த ஆசிரியரின் நூல் இருந்தது. ஆனால் 2019-இல் அவர் வந்து உட்கார்ந்து, ஒரு மாலை முழுவதும் செலவிட்டுத் திருத்திய திருத்தங்கள் இல்லை. கணினி 2017-இல் தூங்கி, இடையில் எதுவும் நடக்காததுபோல் எழுந்திருந்தது.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு இரவு பிடித்தது. 2017-இல், புதிய அச்சு இயக்கி ஒன்றை எக்ஸ்பியில் நிறுவுவதற்கு முன்னால், ஏதாவது கெட்டால் திரும்பி வருவதற்காக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். எதுவும் கெடவில்லை, எடுத்ததையும் மறந்துபோனேன். ஸ்னாப்ஷாட் என்றால் அந்த நேரத்து நிலையின் பிரதி எங்கோ தனியாக எடுத்து வைக்கப்படுகிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நடப்பது அதற்கு நேர்மாறு. ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் மூல வட்டுக் கோப்பு அப்படியே உறைந்துவிடுகிறது. அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொன்றும் ஸ்னாப்ஷாட்ஸ் என்ற உட்கோப்புறையில் இருக்கும் வேறொரு வட்டுக் கோப்புக்குப் போகிறது. பழைய பேரேட்டைக் கயிறு கட்டி வைத்துவிட்டு, இனிவரும் மாற்றங்களை மட்டும் புதிய நோட்டில் எழுதுவதைப் போன்றது இது. புதிய நோட்டில் இல்லாத பக்கத்துக்குப் பழைய பேரேட்டைப் புரட்டுவார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய கணக்கு. நான் 2020-இல் இன்னொரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்திருந்தேன். ஆக மூன்று கோப்புகள் ஒன்றன் தோளில் ஒன்றாக நின்றிருந்தன; நான் அடியில் இருந்ததை மட்டும் உருவி எடுத்து வந்திருக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸின் ஊடக மேலாளரைத் திறந்து பார்த்திருந்தால் இந்த மூன்றும் கிளை கிளையாகத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

இதில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. புதிய கணினியில் அந்த மூல வட்டை இயக்கியதால் எக்ஸ்பி அதில் எதையெதையோ எழுதிவிட்டது. தொடங்கும்போதே பதிவுக் கோப்புகளையும் தற்காலிகக் கோப்புகளையும் எழுதுவது அதன் இயல்பு. கிளைக் கோப்புகள் மூல வட்டின் பழைய நிலையை நம்பி எழுதப்பட்டவை. மூலம் மாறிய பிறகு அவற்றை அதன்மேல் கொண்டுவந்து பொருத்தினால், எந்தப் பக்கம் எந்தக் கணக்குக்கு உரியது என்ற ஒழுங்கு குலைந்து, கோப்பு முறையே சிதையலாம். வெட்டி ஒட்டியிருந்தேனானால் எஞ்சியிருந்த ஒரே மூலத்தையும் நானே கெடுத்திருப்பேன். மடிக்கணினியில் அசல் மூன்றும் தொடப்படாமல் இருந்தன. அந்த இரவு மடிக்கணினியின் வட்டு டக்கென்று சத்தமிடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் முறையாகத் தொடங்கினேன். பழைய மடிக்கணினியில் எக்ஸ்பியை மூடும்போது நான் வழக்கமாக நிலையைச் சேமி என்று கொடுத்துவிடுவேன். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். அப்படிச் சேமிக்கப்படுவது நினைவகத்தின் நிலையும் செயலியின் நிலையும். அவற்றை வேறு செயலியுள்ள கணினியில், வேறு பதிப்பு விர்ச்சுவல்பாக்ஸில் எழுப்ப முடியும் என்று நம்புவது சரியல்ல. எனவே எக்ஸ்பியைத் தொடக்கி, திறந்திருந்த கோப்புகளை மூடி, ஸ்டார்ட் மெனு வழியாக முழுமையாக நிறுத்தினேன்.

அடுத்து, எதையும் தொடுவதற்கு முன், மெய்நிகர் கணினியின் முழுக் கோப்புறையையும், அமைப்புக் கோப்பு, மூல வட்டு, ஸ்னாப்ஷாட்ஸ் உட்கோப்புறை எல்லாம் சேர்த்து, வெளி வட்டுக்கு நகலெடுத்தேன். எல்லாக் கோப்புகளும் ஒரே கோப்புறைக்குள் இருந்தால், இந்த நகலையே புதிய கணினிக்குக் கொண்டுபோய், மெனுவில் சேர் என்பதைக் கொடுத்து அமைப்புக் கோப்பைக் காட்டினால் போதும். ஸ்னாப்ஷாட்டுகளும் அப்படியே வரும். எனக்கு ஸ்னாப்ஷாட்டுகளோடு இனி உறவு வேண்டாம் என்று தோன்றியதால், இதைக் காப்புப் பிரதியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஏற்றுமதி வழியைத் தேர்ந்தேன்.

ஏற்றுமதி செய்தால் ஓவிஏ என்று முடியும் ஒற்றைக் கோப்பு கிடைக்கும். உண்மையில் அது டார் முறையில் கட்டப்பட்ட ஒரு மூட்டை. உள்ளே இயந்திரத்தின் விவரங்களைச் சொல்லும் ஓவிஎஃப் கோப்பும், சுருக்கப்பட்ட விஎம்டிகே வகை வட்டும், கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் தரும் ஒரு பட்டியலும் இருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: ஏற்றுமதியில் மூன்று அடுக்குகளும் ஒன்றாகத் தட்டையாக்கப்பட்டு, இன்றைய நிலை மட்டும் ஒரே வட்டாகப் போகிறது. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் அதில் வருவதில்லை. 18 ஜிபி அளவுக்குப் பரவியிருந்தது 10 ஜிபிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கியது. பழைய வட்டின் வேகத்தில் இதற்கு ஒரு மதிய உணவும் ஒரு சிறு தூக்கமும் ஆயிற்று. வெளி வட்டுக்குப் போன பிறகு, விண்டோஸுடனேயே வரும் சர்ட்யூட்டில் கட்டளையைக் கொண்டு இரு பக்கமும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு, முதல் எட்டு எழுத்துகளையும் கடைசி எட்டு எழுத்துகளையும் ஒப்பிட்டேன். சத்தமிடும் வட்டிலிருந்து எடுத்த கோப்பை எண் பார்க்காமல் நம்ப எனக்கு மனமில்லை.

புதிய கணினியில் இறக்குமதி செய்யும் சாளரத்தில் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டியிருந்தது. ஒன்று, வட்டை விடிஐ வகையாகவே மாற்றி இறக்குமதி செய் என்பது, அதைக் குறித்தேன். மற்றொன்று பிணைய அட்டையின் மேக் முகவரி, அதாவது அந்த அட்டைக்குரிய அடையாள எண், பற்றியது. புதிய முகவரி உருவாக்கலாம், அல்லது பழையதையே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பி தன்னை நிறுவிய கணினி இதுதானா என்பதைப் பல வன்பொருள்களின் அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. அவற்றில் பிணைய அட்டையின் முகவரிக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு. முதல் முயற்சியில் நானாக உருவாக்கிய புதுக் கணினிக்கு முகவரி புதிது, நினைவக அளவு வேறு, செயலி வேறு. அது தன்னை வேறொரு கணினியாகக் கருதியதில் தவறில்லை. இம்முறை எல்லா அட்டைகளின் முகவரிகளையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். செயலியைத் தவிர எக்ஸ்பியின் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. செயலாக்க அறிவிப்பும் வரவில்லை. ஒரே முகவரியோடு இரண்டு பிரதிகள் ஒரே பிணையத்தில் ஒன்றாக ஓடக் கூடாது என்பதையும், ஓர் உரிமத்துக்கு ஓர் எக்ஸ்பிதான் என்பதையும் கருதி, மடிக்கணினியில் உள்ளதை அதற்குப் பிறகு நான் இயக்கவில்லை.

எக்ஸ்பி எழுந்தது. முகப்பில் போன வாரம் பாதியில் விட்ட பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் இருந்தது. அந்த அழைப்பிதழை இவ்வளவு அன்போடு நான் எப்போதும் பார்த்ததில்லை.

ஆனால் சாளரத்தின் அடிப்பட்டையில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஆமை உட்கார்ந்திருந்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். அது எதற்கு அங்கே வந்தது என்று தேடினேன். விண்டோஸ் 11 தன் பாதுகாப்புக்காக, நினைவக ஒருமைப்பாடு என்ற ஏற்பாட்டின் வழியாக, மெய்நிகராக்க வசதியைத் தானே எடுத்துப் பயன்படுத்துகிறது. பயாஸில் நான் கதவைத் திறந்துவிட்டதும் முதலில் உள்ளே நுழைந்தது விண்டோஸ்தான். விர்ச்சுவல்பாக்ஸ் இப்போது விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அடுக்கான ஹைப்பர்-வியின்மேல் உட்கார்ந்துதான் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் வேகம் குறையும் என்பதைத்தான் ஆமை சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஆமையை விரட்டும் வழிகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் விரட்டவில்லை. எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் 1 ஜிபி நினைவகத்தில் ஓடும் எளிய பிராணிகள். ஆமை வேகத்திலும் பக்கம் புரட்டுவது பழைய மடிக்கணினியைவிட எனக்கு விரைவாகவே இருக்கிறது. வாடிக்கையாளர்களின் வங்கி விவரங்கள் வரை கையாளும் கணினியின் பாதுகாப்பை ஒரு பழைய மென்பொருளின் வேகத்துக்காகக் குறைப்பது நியாயமாகப் படவில்லை.

பிறகு மிச்சம் மீதி வேலைகள். நூலிலுள்ள படங்கள் எல்லாம் எக்ஸ்பிக்கு வெளியே, மடிக்கணினியின் டி வட்டில், பகிரப்பட்ட கோப்புறையாக இருந்தவை. எக்ஸ்பிக்குள் அது இசட் வட்டாகத் தெரியும். புதிய கணினியில் டி வட்டே இல்லை. பேஜ்மேக்கர் படத்தின் இருப்பிடத்தை முகவரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். படம் அங்கே இல்லாவிட்டால் திரையில் காட்டும் மங்கலான மாதிரியையே அச்சுக்கும் அனுப்பிவிடும். ஆகவே படங்களை வேறிடத்தில் வைத்துவிட்டு, பகிர்வின் பெயரை மட்டும் பழையதாகவே கொடுத்து, அதே இசட் எழுத்தில் இணைத்தேன். எக்ஸ்பிக்கு வீடு மாறியதே தெரியவில்லை.

யுஎஸ்பி பூட்டு முதலில் எக்ஸ்பிக்குள் போகவில்லை. விண்டோஸ் 11 அதைத் தன்னுடையதாகப் பிடித்துக்கொண்டது. அமைப்புகளில் அந்தப் பூட்டுக்கென்று ஒரு வடிகட்டி சேர்த்து, பூட்டைக் கழற்றி மறுபடி செருகியதும் எக்ஸ்பி பெற்றுக்கொண்டது. அச்சுப்பொறியை உள்ளே கொண்டுபோகவே இல்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழிக் கோப்பு வழியாக பிடிஎஃப் ஆக்கி, இசட் வட்டில் போட்டு, வெளியிலிருந்து அச்சடிப்பதுதான் பழைய வழக்கம், அதுவே தொடர்கிறது. 2014-க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன எக்ஸ்பியை இணையத்தில் விடுவது விபரீதம் என்பதால், பிணைய அட்டையை நீக்காமல், அதன் கம்பி இணைக்கப்பட்டிருக்கிறது என்ற குறியை மட்டும் எடுத்துவிட்டேன். அட்டையையே நீக்கினால் செயலாக்கக் கணக்கு மறுபடி தொடங்கிவிடுமோ என்ற அச்சம்.

இடையில் ஒரு நண்பர், ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக் கணினிக்கு இதே போன்ற எக்ஸ்பியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 அந்தக் கணினிகளில் ஓடுகிறது. ஆனால் அங்கே, அந்தச் சிப்பின் வகையான ஆர்முக்கு எழுதப்பட்ட இயக்குதளங்களைத்தான் ஓட்ட முடியும். எக்ஸ்பி, இன்டெல் வகையான எக்ஸ்86 செயலிக்கு எழுதப்பட்டது. செயலியையே மென்பொருளால் போலச் செய்து காட்டும் கருவிகள் உண்டு. வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. அவர் பழைய இன்டெல் கணினி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நூலை 2006-இன் அச்சுப் பிரதியோடு வைத்துப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2019-இன் திருத்தங்கள் செய்யப்பட்ட பக்கங்களில் மட்டும் வேறுபாடு. ஆசிரியர் தந்த எட்டுப் பக்கங்களைச் சேர்த்து, பிடிஎஃப் எடுத்து, மெய்ப்பு அச்சடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். 2017-இல் விழித்த அந்த வட்டுப் பிரதியை அழித்தாயிற்று. மடிக்கணினி மட்டும் கடையின் மேல் பரணில், துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பதிப்பு அச்சாகி, பைண்டிங் முடிந்து வரும்வரை அதன் வட்டிலிருந்து ஒரு கோப்பையும் நான் நீக்கப்போவதில்லை.